நூலில் அறுத்த முட்டை

ரிஜிஸ்டர் வெளியில் சாப்பிடுகிறவர் அல்ல. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். அத்தனை வருடமும் வீட்டுச் சோறுதான், மூன்றடுக்கு எவர்சில்வர் டப்பாவில். அதிகாரிகள் விருந்து வைத்தாலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். "அடுத்தவன் அடுப்படியில் என்ன நடக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?" என்பார். தன் அடுப்படியில் நடப்பது அடுத்தவனுக்குத் தெரியக் கூடாது என்பதும் அதற்குள் அடக்கம்.

அப்படிப்பட்டவர் அன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு, தேய்த்த வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு பழுப்பு உறையுமாக, ஒரு மலேசிய உணவகத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன் நின்றார் என்றால் அதற்குக் காரணம் போஸ்ட்மாஸ்டர். 'ரிஜிஸ்டர்' என்று அவருக்குப் பெயர் வைத்தவரும் அவரே. தபால்காரராகச் சேர்ந்து போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்ற மனிதர். நாற்பது வருட நண்பர். இந்த இரண்டு மாதமாக 'ரிஜிஸ்டர்' போய் 'சம்பந்தி' ஆகியிருந்தது. போஸ்ட்மாஸ்டரின் மகனுக்கு ரிஜிஸ்டரின் மகளைப் பேசி முடித்திருந்தார்கள். தேதி குறிப்பதும் பத்திரிகை அச்சடிப்பதும்தான் பாக்கி. பழுப்பு உறைக்குள் இருந்தது அந்தப் பத்திரிகையின் நகல்தான். ரிஜிஸ்டர் தன் கையாலேயே மூன்று முறை திருத்தி எழுதியது.

மகளுக்கு இருபத்தொன்பது வயது. தாயில்லாப் பெண். அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து ரிஜிஸ்டர் ஒரு நோட்டு வைத்திருந்தார். கோடு போட்டுக் கட்டம் கட்டி, எண், தேதி, வீட்டார், முடிவு, காரணம் என்று தலைப்பு எழுதிய நோட்டு. இதுவரை பதினொரு வரிசை. காரணம் என்ற கட்டத்தில் 'ஜாதகம்', 'உயரம்', 'பதில் இல்லை' என்று ஏதாவது ஒன்று இருக்கும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பது அவருடைய உத்தியோக தர்மம். காலிக் கட்டம் என்பது திறந்து கிடக்கும் கதவு, எவன் வேண்டுமானாலும் உள்ளே வந்து எதையும் எழுதிவிடுவான் என்று தனக்குக் கீழே இருந்த குமாஸ்தாக்களுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவர். பன்னிரண்டாம் வரிசையில் 'முடிவு' கட்டத்தில் 'நிச்சயம்' என்று எழுதிவிட்டு, இரண்டு மாதமாக நிம்மதியாகத் தூங்கினார்.

"வா வா. இன்னைக்காவது வெளிச் சோறு இறங்குதான்னு பார்ப்போம்" என்று போஸ்ட்மாஸ்டர் மூலை மேசையிலிருந்து கை காட்டினார்.

சம்பந்தி என்ற வார்த்தை வரவில்லை. ரிஜிஸ்டர் அதைக் கவனித்தார். கவனித்தும், பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சின்ன இடம். ஏழு மேசை. சுவரில் மழையில் நனைந்த ஒரு தெருவின் படம், பக்கத்தில் இரட்டைக் கோபுரப் படம். பின்சுவரில் சமையலறைக்குத் திறக்கும் சின்ன ஜன்னல், அதில் பாதித் திரை. திரைக்குக் கீழே ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டுகளை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

"வீட்டுல வெச்சே பேசியிருக்கலாமே" என்றார் ரிஜிஸ்டர்.

"வீட்டுல சுவருக்குக் காது. இங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் வர மாட்டாங்க."

"தெரிஞ்சவங்க பார்த்தா என்ன? கல்யாணத் தேதி குறிக்கிறதுல ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?"

போஸ்ட்மாஸ்டர் பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு, "ரெண்டு நாசி லெமாக்" என்றார்.

"நாசியா? அது வாயில போடறதா, மூக்குல போடறதா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சோறுதாங்கய்யா. தேங்காய்ப்பால்ல வேக வெச்சது. நெத்திலி, கடலை, காரமா சம்பல், முட்டை எல்லாம் வரும்."

"காரம் தாங்குவாரா?" என்று அவள் போஸ்ட்மாஸ்டரிடம் கேட்டாள்.

"இவரா? இவர் முகத்தைப் பார்த்தா மிளகாய்க்கே கண்ணுல தண்ணி வரும்மா."

போஸ்ட்மாஸ்டர் பழையபடி பேசினார், பழையபடி கேலி செய்தார். ஆனால் கண் மட்டும் எதிரே இருந்தவரைப் பார்க்காமல் மேசை விரிப்பின் பூவை எண்ணிக்கொண்டிருந்தது. ரிஜிஸ்டர் உறையைப் பிரித்து நகலை எடுத்து நீட்டினார்.

"படிச்சுப் பாரு. உங்க பக்கத்துப் பெயர் எல்லாம் நீ கொடுத்த வரிசைப்படியே போட்டிருக்கேன்."

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். கடிதத்தை விட விலாசத்தைக் கூர்ந்து பார்க்கிற கண் அது. பிறகு தாளைத் திருப்பி வைத்தார்.

"உங்க பக்கம் வரிசை சின்னதா இருக்கே."

"இருக்கிறவங்களைத்தானே போட முடியும்."

அதற்குள் தட்டுகள் வந்தன. நடுவில் கவிழ்த்து வைத்த சோறு, ஒரு பக்கம் செக்கச் சிவந்த சம்பல், பொரித்த நெத்திலி, வறுத்த கடலை, வெள்ளரித் துண்டு. மேலே அரை முட்டை. போஸ்ட்மாஸ்டர் தட்டில் அரை, ரிஜிஸ்டர் தட்டில் அரை.

ரிஜிஸ்டர் முதல் வாய்ச் சோறு எடுத்தார். நன்றாகத்தான் இருந்தது; அவர் ஒத்துக்கொள்ளத் தயாராக இல்லாத அளவுக்கு நன்றாக இருந்தது. இரண்டாம் வாய்க்கு முட்டையைத் தொட்டவர் கையை நிறுத்தினார்.

கத்தியில் வெட்டினால் மஞ்சள் கரு கத்தியில் ஒட்டிக்கொண்டு வெள்ளையில் தீற்றிவிடும். இதில் தீற்றவில்லை. மஞ்சள் மஞ்சளாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வட்டம் கலையாமல் இருந்தது. இது நூலில் அறுத்த முட்டை.

அவருடைய அப்பா தையற்காரர். மாதக் கடைசியில் ஒரு முட்டைதான் வாங்க முடியும். வேகவைத்து உரித்து, தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையைக் கையில் பிடித்து, முட்டையை நூலில் வைத்து ஒரே இழுப்பு. இரண்டு பாதியையும் உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டு, "எந்த நீதிபதியாவது இந்த மாதிரி பிரிப்பானாடா?" என்பார். முதலில் எடுப்பது சின்னவன். மிச்சம் பெரியவனுக்கு.

சின்னவன் என்றால் ரிஜிஸ்டரின் தம்பி.

"என்ன, உரைக்குதா?" என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டார்.

"யாரு இங்க சமையல்?"

"சோறு தின்ன இடத்துல சமையல்காரன் ஜாதகம் எதுக்கு?" என்றவர், கேலி தன் வாயிலேயே புளித்துப்போனது போல நிறுத்தினார். தட்டை நகர்த்தி வைத்தார். "ஓய்வு வாங்கினவங்க எல்லாம் சேர்ந்து போன மாசம் இங்க சாப்பிட வந்தோம். சாப்பாடு எப்படின்னு கேட்க உள்ளேயிருந்து வந்தான். என்னைப் பார்த்ததும் நின்னுட்டான். அவன் கேட்ட முதல் கேள்வி, 'அண்ணன் நல்லா இருக்காரா?'"

ரிஜிஸ்டர் வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினார். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எதிரே நின்று கதறும்போதும் 'நேரம் என்ன? ஆதாரம் இருக்கா?' என்று கேட்டுப் பழகிய முகம்.

"எனக்குத் தம்பி கிடையாது."

"எங்கிட்டயா சொல்றே? நான் யாருய்யா?" போஸ்ட்மாஸ்டரின் குரல் தாழ்ந்தது. "அவன் மலேசியாவிலேருந்து போட்ட கடுதாசியை எல்லாம் உன் வாசலுக்குக் கொண்டுவந்தவன் நான். மொத்தம் ஏழு. ஏழிலயும் 'ஏற்க மறுப்பு'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு என் கையிலயே திருப்பிக் கொடுத்தே. உறைக்குள்ள இருக்கிறதைப் பத்தித் தபால்காரன் பேசக் கூடாது. நானும் பேசலை. முப்பது வருஷமா பேசலை. ஆனா என் சம்சாரம் கையில நீ ஒரு குடும்ப விவரத் தாள் கொடுத்தியே, அதுல அப்பாவோட சகோதரர்னு ஒரு கட்டம் இருந்துச்சே. அதுல என்ன எழுதினே?"

ரிஜிஸ்டர் நெத்திலியை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"காலமானார். தேதி மார்ச் பதினேழு, வருஷத்தோட. என் சம்சாரம் படிச்சுட்டு, 'பாவம், சின்ன வயசுல போயிட்டாரே'ன்னு கண் கலங்கிட்டா. அந்தத் தேதிக்கு அப்புறம்தாய்யா ஏழு கடுதாசியும் வந்துச்சு. செத்தவன் கடுதாசி போடுவானா?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரிஜிஸ்டர் ஒன்றும் காரணமில்லாமல் கல்லானவர் இல்லை. தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பந்தலும் போட்டாகிவிட்டது. இரண்டு நாள் இருக்கும்போது, தலையணைக்கடியில் நாலு வரி எழுதி வைத்துவிட்டு அவன் விமானம் ஏறிவிட்டான். பெண் வீட்டுக்குப் போய்க் கைகூப்பி நின்றவர் அண்ணன்தான். அந்தப் பெண்ணின் அப்பா காறித் துப்பினார். அதைத் துடைக்காமல் தெருவெல்லாம் நடந்து வீட்டுக்கு வந்தார். அப்பா அன்று படுத்தவர் மூன்று மாதத்தில் போனார். தையல் மிஷினை அதன் பிறகு யாரும் மிதிக்கவில்லை. மானம் போனால் உயிர் போகும் என்பது மற்றவர்களுக்குப் பழமொழி. அவர் வீட்டில் அது நடந்தது. அப்படி வாரிக் கொடுத்த மானத்தைச் சம்பளம் சம்பளமாக, வருடம் வருடமாகச் சேர்த்துக் கட்டி எழுப்பியவர். பெண்ணைப் பெற்றவன் 'சித்தப்பா பந்தலை விட்டு ஓடியவர், அயல்நாட்டில் எச்சில் தட்டுக் கழுவியதாகக் கேள்வி' என்று எழுதிக் கொடுப்பானா? கட்டத்தைக் காலியாக விட்டால் கேள்வி வரும். அதனால் நிரப்பினார்.

ஆனால் ஆதாரமில்லாமல் யாருடைய சாவையும் பதியாத மனிதர், சொந்தத் தம்பியின் சாவை ஆதாரமில்லாமல் பதிந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"உன் சம்சாரத்துக்குத் தெரியுமா?"

"நான்தான் சொன்னேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோத்துல மறைக்கிறது? சமையல்காரன்னா என்ன, கௌரவமான தொழில்னு சொன்னா. ஓடிப்போனதுகூட அவளுக்குப் பெரிசா படலை. 'ஒரு கட்டத்தை நிரப்பத் தம்பியையே சாகடிச்ச மனுஷன், நாளைக்கு நம்ம பையன்கிட்ட ஒரு குறை கண்டா அவனை எந்தக் கட்டத்துல போடுவார்?'னு கேட்டா."

ஜன்னலின் திரை அசைந்தது. தட்டு வைத்த கைகள் அங்கே இல்லை.

"வேண்டாம்னு எழுந்தவளை உட்கார வெச்சு, ஒரு வாய்ப்பு கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார் போஸ்ட்மாஸ்டர். "அவன் இப்ப வெளியில வருவான். நீ ஒண்ணும் பெரிசா பண்ண வேண்டாம். தம்பின்னு ஒரு வார்த்தை. பத்திரிகையில அவன் பேரு ஒரு வரி. அவ்வளவுதான்யா. நாளைக்கே அச்சுக்குக் கொடுத்துடுவோம்."

"மிரட்டறியா?"

"கெஞ்சறேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு ஆயிட்டியா?"

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். ஐம்பத்தாறு வயது. தலை முன்பக்கம் வழித்துக்கொண்டு போயிருந்தது, அப்பாவுக்குப் போன மாதிரியே. இரண்டு முன்கைகளிலும் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். தோளில் துண்டு. அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மேசைக்கு இரண்டடி தள்ளி நின்றார்.

"சாப்பாடு எப்படி இருந்துச்சு?"

போஸ்ட்மாஸ்டர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். ரிஜிஸ்டர் தட்டைப் பார்த்தார்.

அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. தானாடாவிட்டாலும் தசை ஆடும் என்பார்களே, தசை ஆடத்தான் செய்தது. ஒரு மூச்சு இழுத்து விட்டிருந்தால் வார்த்தை வெளியே வந்திருக்கும். ஆனால் முப்பது வருடம் நிமிர்ந்தே நின்ற முதுகு, குனிவதென்றால் முதலில் எந்த எலும்பை மடக்குவது என்று தெரியாமல் நின்றது.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

போஸ்ட்மாஸ்டர் கண்களை மூடிக்கொண்டார்.

"சரிங்க" என்றார் சமையல்காரர். பிறகு, போகாமல், "ஒண்ணு கேட்கலாமா? நான் செத்துட்டேனாமே. எந்தத் தேதி போட்டீங்க?"

"மார்ச் பதினேழு." கேள்வி கேட்டால் தேதி வாயில் வந்துவிடும், அது உத்தியோகப் பழக்கம்.

"ம்." அவர் தலையாட்டினார். "நான் பிளேன் ஏறின நாள். ஞாபகம் வெச்சிருக்கீங்க." ஒரு கணம் அந்த முகத்தில் என்னவோ மலர்ந்து உடனே வாடியது. "அப்பா போனது எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். ஒரு வரி போட்டிருக்கலாமே."

"செத்தவனுக்கு எந்த விலாசத்துக்குப் போடறது?"

"யோவ்!" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"நீ சும்மா இரு." ரிஜிஸ்டரின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "இவனைத் தம்பின்னு கூப்பிடணும்னா, முதல்ல இவன் வந்து எங்க அப்பா படத்துக்கு முன்னால விழுந்து மன்னிப்புக் கேட்கட்டும். அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல போய் நிக்கட்டும். நான் நின்ன இடத்துல நிக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"அதெல்லாம் கேட்டாச்சுங்க" என்றார் சமையல்காரர். "ஏழு தடவை கேட்டேன். ரெண்டாவது கடுதாசில, 'நீங்க வரச் சொன்னா அந்த வீட்டுக்கும் போய் நிக்கிறேன்'னு எழுதியிருந்தேன். எல்லாம் திரும்பி வந்துச்சு, ஒட்டினது ஒட்டினபடி."

ரிஜிஸ்டருக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை. திறந்தால்தானே தெரியும்.

அப்போதாவது எழுந்திருக்கலாம். சமையல்காரர் அதற்கு நேரம் கொடுத்தார். கைத் தழும்பைத் தடவியபடி நின்றார். பக்கத்து மேசைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குனிந்து, அண்ணனின் தட்டில் தொடாமல் கிடந்த அரை முட்டையைப் பார்த்தார்.

"எடுக்கலாங்களா?"

சமையல்காரர் தட்டை எடுத்துக்கொண்டார். "உடம்பைப் பார்த்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு இரண்டு முறை ஆடி நின்றது.

போஸ்ட்மாஸ்டர் பத்திரிகை நகலை மடித்து உறைக்குள் வைத்து, ரிஜிஸ்டர் பக்கம் தள்ளினார். எத்தனையோ வாசல்களில் எத்தனையோ உறைகளை நீட்டிய கை. ஆனால் எதையும் இவ்வளவு மெதுவாக நீட்டியதில்லை.

"வீட்டுல சொல்லிடறேன், ரிஜிஸ்டர்."

"நாற்பது வருஷச் சிநேகம்" என்றார் அவர்.

"அதனாலதான் ஒரு மாசம் பொறுத்தேன். நீ போ. நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்."

ரிஜிஸ்டர் நடந்தே வந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் இருவர் வணக்கம் சொன்னார்கள். முறைப்படி பதில் வணக்கம் சொன்னார். சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை.

மகள்தான் கதவைத் திறந்தாள். தேதி குறித்தாயிற்றா என்று கேட்பாள் என்று வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டு வந்தார். அவள் கேட்கவில்லை. உறையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தக் குடும்பம் நமக்குச் சரிப்படாதும்மா" என்றார்.

"சரிப்பா."

"வேற இடம் பார்க்கலாம்."

"சரிப்பா."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து வரன் நோட்டை எடுத்தார். பன்னிரண்டாம் வரிசை. 'நிச்சயம்' என்பதன் மேல் அடிகோல் வைத்து ஒரு கோடு. பக்கத்தில் 'இல்லை'. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. காரணம். ஜாதகம் என்று எழுத முடியாது, பொருத்தம் எட்டு. உயரமும் இல்லை. பதில் இல்லை என்றும் எழுத முடியாது. பதில் வந்துவிட்டது.

மகள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"போன ஞாயித்துக்கிழமை நானும் அங்கதான் சாப்பிட்டேன். அவர்தான் கூட்டிட்டுப் போனார்." அவள் சொன்ன 'அவர்', போஸ்ட்மாஸ்டரின் மகன்.

ரிஜிஸ்டர் திரும்பவில்லை.

"எனக்கு அரை முட்டைதான் வெச்சாரு சித்தப்பா. மீதி அரையைத் தன் தட்டுல வெச்சுக்கிட்டு எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டாரு. 'நீதான் சின்னவ, முதல்ல நீ எடு'ன்னாரு. ஏன் அப்படிச் சொன்னாருன்னு எனக்குத் தெரியலை. அவரும் சொல்லலை." குரல் உடையவில்லை. ரிஜிஸ்டரிடமிருந்துதானே வந்தது அந்தக் குரல். "உங்ககிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம். நீங்களா ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு இருந்தேன். அவங்க வீட்டு அத்தை உங்களுக்கு ஒரு வாய்ப்பு கொடுப்போம்னாங்க. நான்தான் சொன்னேன், கொடுங்க, ஆனா பத்திரிகை அச்சடிக்க மட்டும் இப்பவே சொல்லி வைக்காதீங்கன்னு."

அவள் குனிந்து அவர் விரல்களுக்கிடையிலிருந்து பேனாவை எடுத்தாள். "கட்டத்தைக் காலியா விடக் கூடாதுப்பா" என்றாள். அவருடைய தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அவருடைய கட்டத்துக்குள், அவருடைய கையெழுத்தைப் போலவே நிமிர்ந்த எழுத்தில் எழுதினாள்:

'சித்தப்பா உயிரோடு இருக்கிறார்.'

பேனாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மை ஈரமாகப் பளபளத்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அடிகோல் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் முப்பத்திரண்டு வருடப் பழக்கம் கையை விடவில்லை. வலது கை தானாக இழுப்பறைக்குள் போய், ஒற்றுத்தாளை எடுத்து வந்து, அந்த வரியின் மேல் வைத்து, கலையாதபடி அழுத்திப் பிடித்தது.